மினியாப்பொலிஸ் ஆற்றங்கரை: பழைய மில் இடிபாடுகளைப் பார்க்க எந்தக் கரை, யாரோடு?

மே மாதம் பிறந்தால் மினசோட்டாத் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார் வந்து இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். மால் ஆஃப் அமெரிக்கா ஒரு நாள், கோயில் ஒரு நாள், டுலூத் ஒரு நாள் என்று போன பிறகு, டவுன்டவுனில் மிசிசிப்பிக் கரைக்கு அழைத்துப் போகலாமா என்ற பேச்சு வரும். அங்கேதான் பலரும் திணறுகிறார்கள். மேப்பைத் திறந்தால் ஒரு மைல் தூரத்துக்குள் ஐந்தாறு பூங்காக்களின் பெயர் அடுத்தடுத்து வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பாலம், ஒரே அருவி, ஒரே மாதிரியான படங்கள். எங்கே காரை நிறுத்துவது, எந்தப் பக்கம் நடப்பது என்றே தெரியாது. கடைசியில் பாலத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். 1880 முதல் 1930 வரை ஐம்பது ஆண்டுகள் இந்த ஊர் அமெரிக்காவின் மாவு அரைக்கும் தலைநகராக இருந்தது. அதற்குக் காரணமான செயின்ட் அந்தோணி அருவியும், அரைத்த மில்களின் சுவர்களும், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வழிகளும் இன்னும் அங்கே இருக்கின்றன. பூங்காவாகவும் இடிபாடாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் இப்படி ஓர் இடம் பெரிய நகரத்தின் நடுவில் கிடைப்பது அரிது. ஆனால் ஐந்து இடங்களும் ஒன்றல்ல. யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்வு முழுக்க மாறும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் முழங்கால். மிசிசிப்பி இங்கே பள்ளத்தாக்கில் ஓடுகிறது. சாலை மேலே, ஆறு கீழே. ஆற்றருகே போக வேண்டுமென்றால் இறங்கத்தான் வேண்டும். இறங்கியது திரும்ப ஏறவும் வேண்டும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வரும்போது இதுவே முதல் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, இடிபாடுகளுக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடிகிறது, பார்த்தது புரிகிறதா என்பது. இங்கே வைத்திருக்கும் தகவல் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் அது வெறும் கல்சுவர்.

மூன்றாவது, அருவி தெரிகிறதா. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆறு என்றால் தண்ணீர். தண்ணீர் விழுவதைப் பார்க்காமல் வந்தால் மனசு ஆறாது. நான்காவது, பிள்ளைகள் ஓடியாட, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா. கடைசியாக மறைந்திருக்கும் செலவுகள்: பார்க்கிங், கழிப்பறை, வெயில், சைக்கிள்காரர்களின் வேகம், பருவம்.

நுழைவுக் கட்டணத்தை நான் ஒரு அளவுகோலாகவே வைக்கவில்லை. மில் சிட்டி மியூசியம் என்ற அருங்காட்சியகத்தைத் தவிர எல்லாமே இலவசம்.

## மில் ருயின்ஸ் பார்க்: இடிபாடு இடிபாடாகவே இருக்கும் இடம்

டவுன்டவுன் பக்கம், அதாவது மேற்குக் கரையில், ஸ்டோன் ஆர்ச் பாலம் தரையைத் தொடும் இடத்துக்கு அடியில் இது இருக்கிறது. 2001இல் திறந்தார்கள். மேலே சாலையோரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். கீழே இறங்கினால் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய மில்களின் அடித்தளச் சுவர்கள், அவற்றில் இருண்ட வளைவு வாய்கள், அவற்றின் முன்னால் ஒரு நீர்க்கால். தலைக்கு மேலே பாலத்தின் கல் வளைவுகள்.

இந்த இடம் புரிய வேண்டுமென்றால் தண்ணீர் போன வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அருவிக்கு மேலே ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கரையோரமாகக் கொண்டுவந்தார்கள். கால்வாயின் இரு பக்கமும் மில்கள். ஒவ்வொரு மில்லும் தன் பங்குத் தண்ணீரைக் கால்வாயிலிருந்து வாங்கி, கட்டடத்துக்கு அடியில் தோண்டிய ஆழமான குழியில் விழவிடும். குழியின் அடியில் டர்பைன். விழுகிற தண்ணீர் அதைச் சுழற்றும். டர்பைனிலிருந்து மேலே போகும் தண்டும் வார்களும் மாடி மாடியாக இருக்கும் எந்திரங்களை ஓட்டும். வேலை முடிந்த தண்ணீர் அடியிலுள்ள சுரங்க வழியாக வெளியேறி அருவிக்குக் கீழே ஆற்றில் சேரும். நீங்கள் பார்க்கும் அந்த இருண்ட வளைவுகள் தண்ணீர் வெளியே வந்த வாய்கள். அருவியின் உயரத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து காசாக்கினார்கள் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். காவிரிப் பாசனத்தில் மதகும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மேற்குக் கரையின் முதல் மாவு மில் 1859இல் வந்தது. அப்புறம் வரிசையாக எழுந்தன. மின்சாரமும் ரயில் கட்டணமும் கணக்கை மாற்றியபோது மாவுத் தொழில் பஃபலோ போன்ற ஊர்களுக்கு நகர்ந்தது. 1930களில் பல மில்களை இடித்தார்கள். 1960களில் படகுகளை ஏற்றி இறக்கும் லாக் கட்டியபோது எஞ்சியிருந்த அடித்தளங்கள் மணலுக்கும் சரளைக்கும் அடியில் போயின. இந்தப் பூங்காவுக்காகத்தான் அவற்றைத் தொல்லியலாளர்கள் மீண்டும் தோண்டி வெளியே கொண்டுவந்தார்கள். புதிதாகக் கட்டி அழகுபடுத்தவில்லை. மூளியாக நிற்கும் சுவர் மூளியாகவே நிற்கிறது. எனக்கு இந்த இடம் பிடிக்க முதல் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் இங்கே நின்று சொல்ல வேண்டும். மில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த அருவி இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுக்குப் புனிதமான இடம். அருவிக்குக் கீழே ஆற்றின் நடுவில் அவர்களுக்கு முக்கியமான ஒரு தீவு இருந்தது. ஸ்பிரிட் ஐலண்ட் என்று இன்று குறிப்பிடுகிறார்கள். அதன் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்து எடுத்துத் தேய்த்தார்கள். மிச்சத்தை லாக் கட்டும் வேலையின்போது முழுசாக அகற்றிவிட்டார்கள். மில்லின் சுவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அந்தத் தீவுக்குக் கிடைக்கவில்லை. அருவியை டகோட்டாக்கள் ஓவாம்னியோம்னி என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே இயங்கும் ஓர் அமைப்பு இப்போது கரையை மீட்டெடுக்கும் முயற்சியை முன்னின்று நடத்துகிறது. 2015இல் மூடப்பட்ட லாக்கைச் சுற்றித்தான் அந்த வேலை. பிள்ளைகளிடம் மில் கதையை மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், முதலில் ஏற்றம். அடுத்து, கீழ்த்தளத்தில் நிழல் குறைவு; ஜூலை மதியம் கல் சூடேறிக் கிடக்கும். உட்கார்ந்து சாப்பிட வசதியான இடம் அல்ல. குளிர்காலத்தில் பாதை உறைந்து வழுக்கும். நவம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை பெரியவர்களை இங்கே இறக்க வேண்டாம். சுவர்மேல் ஏறுவதும் அந்த வளைவுகளுக்குள் நுழைவதும் கூடாது. ஏழெட்டு வயதுப் பையன்கள் வந்தால் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும்.

நன்றாக நடப்பவர்கள், பொறியியல் படித்தவர்கள், பள்ளியில் நாலாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் ஆகியோருக்கு இதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் இல்லை. இரண்டு வயதுக் குழந்தையோடும் ஸ்ட்ரோலரோடும் போகிறவர்கள் மேலிருந்து பார்த்தால் போதும்.

## மில் சிட்டி மியூசியம்: காசு கொடுத்தால் கதை கிடைக்கும்

மில் ருயின்ஸுக்கு எதிரே, சாலையைத் தாண்டி நிற்பது வாஷ்பர்ன் ஏ மில். 1874இல் கட்டினார்கள். 1878 மே 2 மாலை அது வெடித்தது. காற்றில் மிதக்கும் நுண்ணிய மாவு தீப்பொறி பட்டால் வெடிமருந்து போல வெடிக்கும். அன்று 18 தொழிலாளர்கள் இறந்தார்கள். பக்கத்து மில்களும் தகர்ந்தன. மாவு மில்களில் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் எந்திரங்கள் பரவலாக வந்ததற்கு அந்தச் சாவுகள் ஒரு முக்கியக் காரணம். 1880இல் அதே இடத்தில் மறுபடியும் எழுந்த மில், உச்சக் காலத்தில் ஒரு நாளைக்கு 1 கோடியே 20 லட்சம் ரொட்டிகளுக்கான மாவு அரைத்ததாகச் சொல்கிறார்கள். 1965இல் மூடினார்கள். 1991இல் தீப்பிடித்துக் கூரையும் உள்ளும் எரிந்துபோனது. நின்ற சுவர்களை அப்படியே தாங்கிப்பிடித்து, அவற்றுக்குள் மினசோட்டா வரலாற்றுச் சங்கம் 2003இல் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்தது.

பெரியவர்களோடு வருபவர்களுக்கு இதன் பெரிய பலம், உட்கார்ந்தே பார்க்கலாம் என்பது. ஃபிளவர் டவர் என்று ஒன்று இருக்கிறது: சரக்கு லிஃப்டுக்குள் வரிசையாக இருக்கை போட்டிருக்கிறார்கள். எட்டு மாடி ஏறி இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் எந்திரம், சத்தம், அங்கே வேலை செய்தவர்களின் குரல். முடிந்ததும் மேல்மாடத்துக்குப் போகலாம். அங்கே நின்றால் அருவி, லாக், கல் பாலம், எதிர்க்கரை எல்லாமே ஒரே பார்வையில் விழும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு ஆற்றங்கரை முழுவதையும் லிஃப்டிலேயே காட்டிவிடலாம். சிறு பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கை வைத்து விளையாடும் ஒரு பகுதியும் உண்டு.

குறைகளும் சொல்ல வேண்டும். நாலைந்து பேர் குடும்பமாகப் போனால் டிக்கெட் பணம் கணிசமாக வரும். வாரத்தின் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். போவதற்கு முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளவர் டவரில் பேச்சு முழுக்க ஆங்கிலம், அதுவும் வேகமாக. நடுவில் மொழிபெயர்க்க நேரம் கிடைக்காது. ஆகவே காரில் வரும்போதே வெடிவிபத்துக் கதையைச் சொல்லிவிடுங்கள். எந்திரச் சத்தமும் அதிர்வும் சிலருக்குத் திடுக்கென்று இருக்கும். இதய நோய் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

குளிர்காலத்திலும் மழை நாளிலும் யோசிக்கவே வேண்டாம், இதுதான். கோடையில் இதை மட்டும் பார்த்துவிட்டு எதிரே இறங்காமல் போவது பாதி வேலை.

## வாட்டர் ஒர்க்ஸ் பார்க்: பிள்ளைகள் முதலில் என்றால்

அதே மேற்குக் கரையில் ஆற்றின் மேல்புறமாகக் கொஞ்சம் நடந்தால் தேர்ட் அவென்யூ பாலத்தருகே இந்தப் பூங்கா. 2021இல் திறந்தது. பழைய மில் சுவர்களை இடிக்காமல் அவற்றுக்குள்ளேயே புதிய கட்டடத்தைச் செருகியிருக்கிறார்கள். இடிபாட்டைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் உண்மையைச் சொன்னால், இங்கே சுவர் ஒரு பின்னணிதான். வருகிறவர்கள் கவனம் புல்வெளியிலும் விளையாட்டிடத்திலும் இருக்கும்.

அது குறையல்ல. இயற்கைப் பொருள்களால் அமைத்த விளையாட்டிடம், உட்காரப் படிகள், கழிப்பறை என்று குடும்பத்துக்கு வேண்டியது கிடைக்கிறது. தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்க, பேரன் பேத்திகள் கண்ணெதிரே ஓடலாம். இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஹெனெபின் அவென்யூ பாலத்தின் அடியில் ஃபர்ஸ்ட் பிரிட்ஜ் பார்க். மிசிசிப்பியின் குறுக்கே முதல் நிரந்தரப் பாலம் 1855இல் அங்கேதான் கட்டப்பட்டது. பழைய தொங்கு பாலங்களைத் தாங்கிய நங்கூரக் கட்டுமானத்தின் எச்சங்களைப் பார்க்கலாம். அதிகம் பேர் எட்டிக்கூடப் பார்க்காத மூலை அது.

அருவிக் காட்சி இங்கே சுமார்தான். அருவியின் மேல்தலையில் நிற்கிறீர்கள்; தண்ணீர் போவது தெரியும், விழுவது தெரியாது.

## கிழக்குக் கரை: மெயின் ஸ்ட்ரீட், ஹெனெபின் பிளஃப்

மினியாப்பொலிஸோடு 1872இல் சேர்வதற்கு முன் செயின்ட் அந்தோணி என்ற தனி ஊராக இருந்த பக்கம் இது. 1680இல் இந்த அருவியைக் கண்டு எழுதிய லூயி ஹெனெபின் என்ற பாதிரியார், பதுவை அந்தோணியார் பெயரை அதற்கு வைத்தார். பெற்றோர் கத்தோலிக்கராக இருந்தால் இதைச் சொல்ல மறக்காதீர்கள். மெயின் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு தெரு பின்னால் லூர்து மாதா ஆலயமும் இருக்கிறது. 1850களில் வேறொரு சபை கட்டிய கட்டடம். 1877இல் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் வாங்கினார்கள்.

பழைய மில்களில் முழுசாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் கரைதான். பில்ஸ்பரி ஏ மில் 1881இல் முடிந்தபோது உலகிலேயே பெரிய மாவு மில் என்ற பெயரை எதிர்க்கரையிலிருந்து தட்டிப் பறித்தது. இப்போது கலைஞர்கள் குடியிருக்கும் வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஊரில் மளிகைக் கடையில் பில்ஸ்பரி கோதுமை மாவுப் பாக்கெட் வாங்கிய அம்மாவுக்கு, அந்தப் பெயர் புறப்பட்ட சுவர் இதுதான் என்று காட்டும்போது வரும் முகமலர்ச்சிக்காகவே இங்கே கூட்டிப்போகலாம். மாலை மங்கியதும் இந்தக் கரையில் பில்ஸ்பரியின் விளக்குப் பலகை, எதிர்க்கரையில் வாஷ்பர்ன் மில் மேலே கோல்டு மெடல் மாவின் விளக்குப் பலகை, இரண்டும் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும். நூறு ஆண்டுக்கு மேல் போட்டியிட்ட இரண்டு பெயர்களும் 2001இல் ஜெனரல் மில்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன.

நடக்க இதுவே சுலபமான பக்கம். மெயின் ஸ்ட்ரீட் கிட்டத்தட்ட சமதளம், மரநிழல் உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஒரே தொல்லை, தெருவில் பழங்காலத்துக் கல்பாவிய பகுதிகள். வீல்சேரும் ஸ்ட்ரோலரும் குலுங்கும், நடைமேடையிலேயே போங்கள். ஹெனெபின் பிளஃப் பூங்காவின் மேல்தளத்தில் புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிடலாம். அங்கிருந்து ஸ்டோன் ஆர்ச் பாலம் இரண்டடி தூரம். பூங்காவிலிருந்து கீழே இறங்கும் படிகள் செங்குத்தாக இருக்கும். கீழே போனால் மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஓடைகளும் பழைய கட்டுமான மிச்சங்களும் உண்டு. இளவட்டங்கள் மட்டும் இறங்கட்டும், பெரியவர்கள் மேலேயே இருக்கட்டும்.

குறை என்னவென்றால், இங்கே இடிபாடு என்று பார்க்க மேல்தளத்தில் பெரிதாக எதுவும் இல்லை. ஜூன் மாதம் தந்தையர் தினத்தையொட்டி வரும் ஸ்டோன் ஆர்ச் விழா நாட்களில் காரை நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

## நிக்கலெட் தீவும் பூம் ஐலண்டும்

சுருக்கமாகச் சொல்கிறேன். நிக்கலெட் தீவில் 19ஆம் நூற்றாண்டு மரவீடுகளும் மரத்தடிப் பாதைகளும் இருக்கின்றன; மக்கள் இன்றும் குடியிருக்கும் தெருக்கள், ஆகவே அமைதியாக நடந்து பார்க்க வேண்டும். பழைய ரயில் பாலம் வழியாக அங்கிருந்து பூம் ஐலண்டுக்குப் போகலாம். பெயர்தான் தீவு, இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது. மரம் அறுக்கும் மில்களுக்கு ஆற்றில் மிதந்து வந்த கட்டைகளைத் தடுத்துப் பிரித்த இடம். அதன் அடையாளம் எதுவும் கண்ணுக்குப் படாது. பரந்த புல், விளையாட்டிடம், சாப்பிட மேசைகள், டவுன்டவுன் கட்டடங்களின் காட்சி. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கூட்டாஞ்சோறு போல ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிப்பதற்கு இதுதான். வரலாறு பார்க்க வந்தவர்களுக்கு அல்ல.

## ஸ்டோன் ஆர்ச் பாலம் எல்லாவற்றுக்கும் பொது

எந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தாலும் பாலத்தின் நடு வரைக்கும் நடந்துவிடுங்கள். ஜேம்ஸ் ஜே. ஹில் என்ற ரயில்வே முதலாளி 1883இல் கட்டியது. சுமார் 2,100 அடி நீளம், வளைந்து போகும். 1994 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். அருவியை நெருங்கி நின்று முழுதாகப் பார்க்க இதுதான் இடம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது குற்றாலம் மாதிரி பாறையில் விழும் அருவி அல்ல. மேலே சுண்ணாம்புப் பாறை, அடியில் கைவிட்டால் உதிரும் மணற்பாறை என்பதால் அருவி தானாகவே பின்வாங்கிக்கொண்டிருந்தது. 1869இல் அதன் அடியில் குடைந்த ஒரு சுரங்கம் இடிந்து, அருவியே சரிந்து போகும் நிலை வந்தது. மரத்தால் தளம் போட்டு, அடியில் சுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள்; இன்று தண்ணீர் வழுக்கி இறங்குவது கான்கிரீட் சரிவில். பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் ஆரவாரமாக இருக்கும். ஆகஸ்டில் மழையில்லாத ஆண்டென்றால் மெலிந்துபோகும். ஆற்றில் இறங்கிக் கால் நனைக்க இங்கே எங்குமே வழியில்லை. சுழலும் இழுப்பும் அதிகம், முயல வேண்டாம். கால் நனைத்தே ஆக வேண்டும் என்பவர்களை இன்னொரு நாள் மினஹஹா பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். அருவிக்குக் கீழே ஓடை ஆழமில்லாமல் ஓடும்.

பாலத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை குறித்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டே அதில் இறங்கிவிடுவார்கள். ஓரமாக அழைத்துப் போங்கள்.

## ஒரு பார்வையில்

| இடம் | நடை, ஏற்றம் | இடிபாடு | அருவி | பிள்ளைகள், சாப்பாடு | செலவு |
|---|---|---|---|---|---|
| மில் ருயின்ஸ் | இறங்கி ஏற வேண்டும் | மிக நெருக்கம் | பாலத்துக்குப் போனால் | ஏற்றதல்ல | பார்க்கிங் |
| மில் சிட்டி மியூசியம் | லிஃப்ட் உண்டு | எரிந்த மில்லுக்குள்ளேயே | மேல்மாடத்திலிருந்து முழுதாக | தண்ணீர் விளையாட்டு; கட்டுச்சோறு முடியாது | டிக்கெட், பார்க்கிங் |
| வாட்டர் ஒர்க்ஸ் | மிதமான சரிவு | புதுக் கட்டடத்தோடு கலந்தது | சுமார் | மிக நன்று | பார்க்கிங் |
| கிழக்குக் கரை | மேல்தளம் சுலபம் | முழு மில், வெளியிலிருந்து | பாலம் பக்கத்திலேயே | நன்று | பார்க்கிங், விழா நாள் நெரிசல் |
| பூம் ஐலண்ட் | சமதளம் | கண்ணில் படாது | இல்லை | மிக நன்று | பெரிதாக இல்லை |

## யாருக்கு எது

நடக்கச் சிரமப்படும் பெற்றோர், ஒரே ஒரு மாலை, வானிலை நன்றாக இருக்கிறது: கிழக்குக் கரை. மெயின் ஸ்ட்ரீட்டில் இறக்கிவிட்டு, பில்ஸ்பரி மில்லைக் காட்டி, பாலத்தின் நடு வரை போய்த் திரும்புங்கள். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆகவே ஆறரைக்குக் கிளம்பினாலே போதும். வெயிலும் தணிந்திருக்கும். கொசு மருந்தை மறக்காதீர்கள்.

பெற்றோர் ஓரளவு நடப்பார்கள், அரை நாள் கையில் இருக்கிறது என்றால் என் தேர்வு மியூசியமும் மில் ருயின்ஸும் சேர்த்து. வரிசை முக்கியம்: முதலில் மியூசியம், அதன் மேல்மாடம், அப்புறம்தான் கீழே. மேலிருந்து கால்வாய் எங்கே போயிருக்கும், ஆறு எங்கே இறங்குகிறது என்று ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டால், கீழே நிற்கும் ஒவ்வொரு சுவரும் தானாகப் பேசும். தலைகீழாகச் செய்தால், என்னவென்றே தெரியாமல் வெயிலில் நடந்துவிட்டு, களைத்த பிறகு காசு கொடுத்து உள்ளே போய் உட்காருவீர்கள்.

ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் என்றால் வாட்டர் ஒர்க்ஸ். மூன்று குடும்பம் சேர்ந்து போனால் பூம் ஐலண்ட். தனியாக, கேமராவோடு, அவசரமில்லாமல் போகிறவர்கள் இரு கரையையும் பாலங்களால் இணைக்கும் சுற்றுப்பாதையை எடுக்கலாம். ஏறக்குறைய இரண்டு மைல் வரும். ஐந்தையும் ஒரே நாளில் பெற்றோருக்குக் காட்டிவிட நினைப்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டாவது இடத்திலேயே அவர்கள் களைத்துவிடுவார்கள், உங்கள் மனம் நோகக்கூடாது என்று சொல்லவும் மாட்டார்கள்.

சிகாகோவிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ வந்து கார் இல்லாமல் இருப்பவர்கள் லைட் ரயிலில் யூ.எஸ். பேங்க் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி, மேற்குக் கரைக்குக் கால் மணி நேரம் நடக்கலாம். விமான நிலையத்திலிருந்தே புளூ லைன் நேராக வருகிறது. வழியில் குத்ரி நாடக அரங்கு. அது திறந்திருக்கும் நேரத்தில், ஆற்றை நோக்கி அந்தரத்தில் நீளும் அதன் பாலம் போன்ற மாடத்தை டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். கழிப்பறைக்கும் அங்கே போய்க்கொள்ளலாம். அதற்குப் பக்கத்தில், ஆற்றோரச் சாலையில் 13 இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும். 2007 ஆகஸ்ட் 1 அன்று 35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் ஆற்றில் விழுந்தபோது இறந்த 13 பேருக்கான நினைவிடம். அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் அன்று யூ.எஸ். பேங்க் ஸ்டேடியத்தில் வைக்கிங்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்ட நாளில் மேற்குக் கரையில் பார்க்கிங் விலை எங்கேயோ போய்விடும். ரயிலிலும் நிற்க இடமிருக்காது. அன்றைக்கு எந்தக் குடும்பமாக இருந்தாலும் கிழக்குக் கரைக்கே போங்கள்.